மலேரியா மாத்திரையும் மினுங்கும் கிருமியும்

காசநோய்க் கிருமிக்கு விளக்கு மாட்டி வேடிக்கை பார்க்க முடியுமா? பெங்களூருவில் பார்த்திருக்கிறார்கள்! அதுவும் சாதாரண விளக்கு இல்லை. கிருமி தெம்பாக இருக்கிறதா, திணறுகிறதா என்று வெளிச்சத்தைக் கொண்டே காட்டிக்கொடுக்கும் விளக்கு. அதை வைத்துக்கொண்டு தேடப்போன இடத்தில் கிருமியின் ஒரு பழைய தில்லுமுல்லு அம்பலமானது. அந்தத் தில்லுமுல்லுக்கு ஆப்பு வைக்க அகப்பட்ட மருந்துதான் உச்சகட்ட வேடிக்கை: மலேரியா சீசனில் வீட்டுக்கு வீடு முகத்தைச் சுளித்து விழுங்கிய, நாக்கில் பட்டால் சாப்பாடு வரைக்கும் கசக்கிற, குளோரோகுயின்.

மலேரியா மாத்திரைக்குக் காசநோயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அது வெறும் மலேரியா மாத்திரை என்று யார் சொன்னது? அழற்சியைத் தணிக்கும் மருந்தாகவும் அது பல காலமாகப் புழங்குகிறது. அதன் தம்பி ஹைட்ராக்சி குளோரோகுயினை முடக்குவாதக்காரர்களும் லூபஸ் நோயாளிகளும் இன்றைக்கும் தினம் விழுங்குகிறார்கள். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் கிருமி இருக்கிற அறைக்குள் எட்டிப் பார்த்துவிடலாம், வாருங்கள்.

இந்திய அறிவியல் கழகம் என்று பெங்களூரு ஆட்டோக்காரரிடம் சொன்னால் ஒரு கணம் யோசிப்பார். ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்றால் மீட்டர் போடுகிறாரோ இல்லையோ, வண்டி கிளம்பிவிடும். 1909இல் தொடங்கிய நிறுவனம். வளாகத்துக்குள் மரங்கள் கூடாரம் போட்டிருக்கும்; வெயில் தரைக்கு வருவதற்கே சிபாரிசு வேண்டும். அந்த நிழலில் தொற்றுநோய் ஆய்வு மையம் ஒன்று. அங்கே அமித் சிங் என்பவரின் குழு பல ஆண்டுகளாகக் காசநோய்க் கிருமியை, மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸை, விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது.

இந்தக் கிருமியைக் கையாள பி.எஸ்.எல்.-3 என்ற ரக அறை வேண்டும். உயிர்ப் பாதுகாப்பில் மூன்றாம் நிலை. இப்படிப்பட்ட அறைக்குள் போவதே தனி நாடகம். அடுத்தடுத்து இரண்டு கதவுகள். முதல் கதவு சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆகவே காற்று எப்போதும் உள்நோக்கித்தான் ஓடும், கிருமி வெளியே நழுவ வழியில்லை. வெளியேறும் காற்றும் ஹெப்பா வடிகட்டிக்குள் புகுந்து வர வேண்டும். மேலங்கி, முகக்கவசம், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி கையுறை. இத்தனையும் மாட்டிய பிறகு மூக்கு அரிக்கும் பாருங்கள், அதுதான் தவம்! சொறிய முடியாது. உள்ளே போன எந்தப் பொருளும் அப்படியே திரும்பி வராது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வெந்துதான் வெளியே வரும்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணமான ஆசாமி என்ன வேகத்தில் வளர்கிறான் என்று கேட்டால் சிரிப்பு வரும். குடலில் வாழும் ஈ.கோலைக் கிருமி ஆய்வகத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் வேண்டும். தட்டில் பரப்பி வைத்தால் கண்ணுக்குத் தெரியும் காலனியாக எழும்ப மூன்று நான்கு வாரம். வெளிர் மஞ்சளாக, சொரசொரவென்று, குட்டிக் காலிஃபிளவர் மாதிரி எழும்பும். ஒரு மருந்து வேலை செய்ததா என்ற எளிய கேள்விக்குப் பதில் வர ஒரு மாதம்! பிஎச்.டி. மாணவர்களின் தலைமுடி எந்த ஆய்வில் சீக்கிரம் நரைக்கிறது என்று யாராவது கணக்கெடுத்தால் காசநோய்க்குத்தான் முதலிடம் கிடைக்கும் என்பது என் யூகம்.

இனி அந்த விளக்குக்கு வருவோம். ஒருவகை ஜெல்லி மீனிடம் பச்சையாக ஒளிரும் புரதம் உண்டு. அதை எடுத்து, ஆக்சிஜனேற்றத்துக்கு ஏற்ப குணம் மாறும்படி திருத்தி, காசநோய்க் கிருமியின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டவைத்தார்கள். அமித் சிங் டெல்லியில் இருந்த காலத்தில் அவர் குழு செய்த வேலை இது, 2014இல் வெளியானது. கிருமி தன்னைக் காத்துக்கொள்ள மைக்கோதயால் என்ற பொருளைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. நம் உடம்பின் நோயெதிர்ப்புச் செல்கள் அதன்மேல் ஆக்சிஜனேற்றத் தாக்குதல் நடத்தும்போது கிருமி அந்த இருப்பைத்தான் செலவழிக்கும். இருப்பு எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதை விளக்கு சொல்லிவிடும். ஊதா ஒளி பாய்ச்சினால் எவ்வளவு ஒளிர்கிறது, நீல ஒளி பாய்ச்சினால் எவ்வளவு என்று இரண்டையும் வகுத்துப் பார்த்தால் போதும். ஊதாவில் கூடுதலாக ஒளிர்ந்தால் கிருமி திணறுகிறது. நீலத்தில் கூடுதலாக ஒளிர்ந்தால் ஐயா சௌகரியமாக இருக்கிறார். கிருமியைக் கொல்லாமல், உடைக்காமல், அது உயிரோடு உலவும்போதே அதன் அந்தரங்கத்தைப் படிப்பது! எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் கைதட்டத் தோன்றும்.

இந்தக் கிருமி நுரையீரலில் குடியிருக்கும் இடமே வம்பானது. கிருமிகளை விழுங்கித் தீர்ப்பதற்கென்றே மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் நமக்கு உண்டு. விழுங்கிய கிருமியை ஒரு சின்னப் பைக்குள் அடைத்து, அமிலம் சுரந்து, கரைத்துவிடுவது அவற்றின் தொழில். காசநோய்க் கிருமி என்ன செய்கிறது? தன்னை விழுங்கவிட்டு, பைக்குள் போய் உட்கார்ந்து, அமிலம் முழு வீச்சில் ஏறாதபடி தடுத்துவிடுகிறது. பி.எச். ஐந்துக்கும் கீழே இறங்க வேண்டிய பை, ஆறுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். பாலுக்கும் தயிருக்கும் நடுவில், பால் பக்கமாகவே நின்றுவிட்ட உறை மாதிரி. கரைக்கிற அளவுக்குப் புளிப்பில்லை. ஆனால் லேசாகப் புளித்திருக்கிறது.

இந்த லேசான புளிப்பு பெரிதாகக் கவலைப்பட வேண்டிய விஷயமாகத் தோன்றாது. பெங்களூருக் குழு கவலைப்பட்டது. செல்லுக்குள் இருக்கும் கிருமிகளை விளக்கு வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சில திணறிக்கொண்டிருந்தன. சில சராசரி. இன்னொரு கூட்டமோ கையிருப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு கொழுத்துப்போய் இருந்தது. அந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து மருந்தைக் கொடுத்தால் அசைந்து கொடுக்கவில்லை! அப்படி ஆக்கியது எது என்று நூல் பிடித்துப் போனால், அந்த லேசான புளிப்பு. கிருமியைக் கொல்ல நம் உடம்பு சுரக்கும் அமிலமே அரைகுறையாக நின்றுபோய்க் கிருமிக்குக் கவசம் தைத்துக் கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு சங்கதி பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. மருந்துக்கு மசியாத கிருமிகள் என்றால் அவை வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறவை என்பதுதான் காலங்காலமாகச் சொல்லிவந்த விளக்கம். காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்கச் சொல்வதற்கும் அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்: தூங்குகிற கடைசிக் கிருமியும் எழுந்து வரும்வரை காத்திருந்து அடிக்க வேண்டும். இங்கே அகப்பட்ட கூட்டமோ தூங்கவே இல்லை. விழித்துக்கொண்டு, பெருகிக்கொண்டு, மருந்தையும் தாங்கிக்கொண்டிருந்தது. இது மரபணு மாறி வரும் மருந்தெதிர்ப்பும் இல்லை. இடம் மாறினால் குணமும் மாறிவிடும். அந்தக் கிருமிகளின் ஆர்.என்.ஏ.வை வரிசைப்படுத்திப் பார்த்ததில் இன்னும் சில வேடிக்கைகள் வெளிவந்தன. மருந்தை வெளியே இறைத்துக் கொட்டும் பம்புகள் சுறுசுறுப்பாக இருந்தன. இரும்பு-கந்தகச் சேர்மங்களைக் கட்டும் இயந்திரமும் முடுக்கிவிடப்பட்டிருந்தது. கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடும் கூட்டுக் களவாணியாக அகப்பட்டது. அழுகிய முட்டை நாறுமே, அந்த வாயு! நுரையீரலுக்குள் ஒளிந்துகொண்டு அழுகிய முட்டை வாயுவைத் துணைக்கு வைத்துப் பிழைக்கிற ஜென்மத்தைப் பற்றி என்ன சொல்ல! அதே செல்லில் எச்.ஐ.வி.யும் பெருகிக்கொண்டிருந்தால் இந்தக் கூட்டத்தின் பங்கு இன்னும் கூடியது.

புளிப்புதான் குற்றவாளி என்றால் புளிப்பை எடுத்துவிட்டால் போயிற்று. இங்கேதான் நம் கசப்பு மாத்திரை மேடையேறுகிறது.

குளோரோகுயினின் ஜாதகம் சினிமாவுக்கு ஆகும். 1934இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் அதைச் செய்தார். நச்சு அதிகம் என்று சொல்லி அப்போதே அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்! இரண்டாம் உலகப்போர் வந்து மலேரியா படைவீரர்களைச் சாய்த்த பிறகுதான் மறுவாழ்வு. அதே போரில் படைவீரர்களுக்கு மெபாக்ரின் என்ற அதன் உறவுக்கார மருந்தைக் கொடுத்தார்கள். மலேரியாவுக்காக விழுங்கியவர்களில் சிலருக்குத் தோல் தடிப்பும் மூட்டுவலியும் தணிந்தது. அட, இது எங்கே இருந்து வந்தது என்று மருத்துவர்கள் தேடப்போய், 1951இல் லண்டனில் ஒரு மருத்துவர் லூபஸுக்கு அதைப் பரிந்துரைத்து எழுதினார். 1955இல் ஹைட்ராக்சி குளோரோகுயின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அன்றிலிருந்து மலேரியாக் குடும்பம் மூட்டுவலிக் குடும்பமாகவும் ஆகிவிட்டது.

அது வேலை செய்யும் விதம் அழகு. குளோரோகுயின் ஒரு மென்காரம். செல்லுக்குள் எங்கே அமிலம் இருக்கிறதோ அங்கே நழுவிப் போகும். போனதும் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தபின் மின்சுமை ஏறிவிடுவதால் சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்படிக் கூட்டம் கூட்டமாகப் போய் மாட்டிக்கொள்ள, பையின் புளிப்பு இறங்கிவிடும். மூட்டுவலியிலும் ஏறக்குறைய இந்தக் கைங்கர்யம்தான்: நோயெதிர்ப்புச் செல்களின் அமிலப் பைகளில் நடக்கும் சமிக்ஞை வேலைகள் மந்தமாகி, அழற்சி தணிகிறது. கவனியுங்கள், கிருமியைக் குளோரோகுயின் தொடவே இல்லை. கிருமி குடியிருக்கிற வீட்டின் தட்பவெப்பத்தை மட்டும் மாற்றிவிடுகிறது. கவசம் தைக்க வழியில்லாமல் போன கிருமியை வழக்கமான காசநோய் மருந்துகளான ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் பார்த்துக்கொள்ளும்.

உண்மையில் இந்த ஜோடியை மேக்ரோஃபேஜ் செல்லில் போட்டுப் பார்க்கும் எண்ணம் புதிதில்லை. 1990இலேயே அமெரிக்காவில் க்ரோல், மே என்ற இருவர் மனித மேக்ரோஃபேஜில் குளோரோகுயினைக் காசநோய் மருந்துகளோடு சேர்த்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். பெங்களூரு அதற்கு மேலே போனது: ஏன் என்ற காரணத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியது, விலங்குகளிலும் சோதித்தது. எலியிலும் கினிப்பன்றியிலும் குளோரோகுயினைச் சேர்த்துக் கொடுத்தபோது மருந்தைத் தாங்கும் கூட்டம் ஒழிந்தது, நுரையீரல் சேதம் குறைந்தது. சிகிச்சையை நிறுத்திய பிறகு நோய் மறுபடி தலைகாட்டுவதும் குறைந்தது. முதல்நிலைக் காசநோய் மருந்துகளோடு சேரும்போது எலியின் ரத்தத்தில் பெரிய மோதல் எதுவும் இல்லை என்றும் பார்த்துக்கொண்டார்கள். 2019 நவம்பரில் ‘சயன்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்’ இதழில் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் ரிச்சா மிஸ்ரா. ஆசிரியர் பட்டியலில் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் அஸ்வின் சாய் நாராயண் சேஷசாயியும் உண்டு.

அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் ராதா ஷாண்டில். இவர் பின்னால் ஒரு கிளைக்கதை இருக்கிறது. ஆஸ்ட்ராஜெனிகா பெங்களூருவில் காசநோய்க்கென்றே மருந்தாய்வுக்கூடம் ஒன்றை 2003 முதல் நடத்தியது. 2014இல் மூடுவதாக அறிவித்தது. அங்கிருந்த சில விஞ்ஞானிகள் போகட்டும் என்று விடாமல், புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கென்று எஃப்.என்.டி.ஆர். என்ற அறக்கட்டளையைத் தொட்டபள்ளாபூர் பக்கம் நடத்தத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஷாண்டில். பெங்களூருவுக்கும் காசநோய்க்கும் உறவு பழையது. பெல்லாரி சாலையில் ‘அவலான்’ என்ற அழகான வளாகத்தில் தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1960இல் நேரு திறந்துவைத்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான ஹாஃப்டான் மாலர் அங்கே வேலை பார்த்தவர்தான். ஐ.டி. ஊர் என்று பெயரெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே இது காசநோய் ஊர்.

கட்டுரை வந்த சில மாதங்களில் நடந்ததுதான் கூத்து. 2020 மார்ச். கொரோனா. உலகமே குளோரோகுயின் குடும்பத்துக்காக அடித்துக்கொண்டது! ஹைட்ராக்சி குளோரோகுயின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. உண்மையிலேயே அதை நம்பியிருந்த லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். கடைசியில் ஜூன் மாதம் பிரிட்டனின் ரெக்கவரி சோதனை தீர்ப்புச் சொல்லிவிட்டது: மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை. ஆய்வகக் கிண்ணத்தில் ஜோராக வேலை செய்தது, மனித உடம்பில் கையை விரித்துவிட்டது. காசநோய் விஷயத்தில் கிண்ணத்தோடு நிற்காமல் இரண்டு விலங்குகளைத் தாண்டியாயிற்று என்பது ஆறுதல். ஆனாலும் எலி எலிதான்.

அழற்சி மருந்தைக் காசநோய்க்குத் திருப்பும் ஆசை குளோரோகுயினோடு முடியவில்லை. இதில் தமிழர்களுக்குக் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள இடமிருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், காசநோய் ஆய்வில் தனி ராஜ்ஜியம் நடத்துகிறவர். அவர் ஆய்வுக்கூடத்தில் கதாநாயகன் வரிக்குதிரை மீன்! குஞ்சுப் பருவத்தில் கண்ணாடி போல உடம்பு. உள்ளே செல்களும் கிருமிகளும் மோதுவதை உயிரோடு பார்க்கலாம். 2010இல் அவர் குழு எல்.டி.ஏ.4.எச். என்ற மரபணுவைப் பிடித்துச் சொன்னது கவனிக்கத்தக்கது: அழற்சி குறைந்தாலும் கிருமிக்குக் கொண்டாட்டம், மிஞ்சினாலும் கொண்டாட்டம். அளவு தப்பினால் இரண்டு பக்கமும் ஆபத்து. அதனால் அழற்சி மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோல் பலிக்காது. மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயில் டெக்சாமெத்தசோன் உயிரைக் காக்கும் என்று வியட்நாமில் 545 பேரை வைத்து நடத்திய சோதனை 2004இல் காட்டியிருந்தது. அந்தப் பலன் அழற்சி மிகும் மரபணு அமைப்புடையவர்களிடம்தான் தெரிகிறது என்று 2012இல் லலிதாவின் குழு எழுதியது. லக்னோவில் அதே காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு ஆஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2010இல் வெளியான அந்தச் சிறிய சோதனையில் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடையே இறப்பு குறைவு. தலைவலி மாத்திரைக்கு இப்படி ஒரு உத்தியோக உயர்வு!

சென்னை சும்மா இருக்குமா? சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் கையில் எடுத்தது சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கும் உண்டு. 322 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தோடு தினம் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் எட்டு வாரம். 2022இல் முடிவு வெளியானது. சளியில் கிருமி சீக்கிரம் மறையுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. சீக்கிரம் மறையவில்லை. ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரல் வேகமாகத் தெளிந்தது, ரத்தத்தில் அழற்சிக் குறிகளும் இறங்கின. இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசநோய் குணமாகி, சளிப் பரிசோதனையும் சுத்தமாகி, மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிற எத்தனையோ பேரை எல்லோருக்கும் தெரியும். கிருமி போய்விட்டது, அழற்சி தின்ற நுரையீரல் திரும்பவில்லை. அவர்களைக் கேட்டால் எக்ஸ்ரே தெளிவதன் அருமையைச் சொல்வார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது மருந்துக்கடைக்குக் கிளம்பினால், ஐயா, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். குளோரோகுயின் இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடியது. மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குக் கொடுக்கும் பெடாகுயிலினுக்கும் மாக்சிஃப்ளாக்சசினுக்கும் அதே கெட்ட பழக்கம். நெடுநாள் எடுத்தால் விழித்திரையைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் இரண்டு மாதம் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு அமிலச் சூழலில்தான் கூடுதல் வீரியம் காட்டும். ஒரு மருந்துக்குப் புளிப்பு வேண்டும், இன்னொரு மருந்து புளிப்பைக் குறைக்கும். இரண்டையும் ஒரே ஆளுக்கு எந்த மாதத்தில் எப்படிக் கொடுப்பது என்பதை மனிதர்களிடம்தான் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்ப்பது லேசில் இல்லை. 2023இல் உலகில் காசநோய் வந்தவர்கள் ஒரு கோடியே எட்டு லட்சம் பேர். அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நோய் திரும்புவது குறைகிறதா என்று காட்ட, மருந்து முடிந்த பிறகும் ஒவ்வொருவரையும் ஓராண்டு, இரண்டாண்டு பின்தொடர வேண்டும். வழக்கமான சிகிச்சையை ஒழுங்காக முடித்தவர்களில் நோய் திரும்புகிறவர்கள் சிலரே. அந்தச் சிலரிலும் குறைந்தது என்று நிரூபிக்கப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தாக வேண்டும். செலவு கோடிக்கணக்கில் போகும். மாத்திரையோ காப்புரிமை காலாவதியாகி எத்தனையோ காலமான, மலிவோ மலிவான சரக்கு. ஜெயித்தால் எந்த மருந்துக் கம்பெனிக்கும் கல்லா நிறையாது. அரசும் அறக்கட்டளைகளும்தான் பையைத் திறக்க வேண்டும்.